பக்கத்து வளவில் கூத்துப் பழகுகிறார்கள்

மாசி பிறந்து பத்து நாளிருக்கும். இரவு சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றேன். வேலிக்கு அங்கால் 'தொம்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு ஆர்மோனியத்தில் யாரோ ஒரு கட்டையை விடாமல் அமத்திப் பிடித்த ஒற்றைச் சுருதி. குசினிக்குள்ளிருந்து மனுசி, "தொடங்கிட்டாங்கள்" என்றாள். குரலில் சலிப்பும் இல்லை, சந்தோசமும் இல்லை. மழை தொடங்கினால் கொடியில் கிடக்கிற உடுப்பை எடுக்கச் சொல்லுவாளே, அந்த மாதிரி.

நாங்கள் இருப்பது கிளிநொச்சி ரவுணில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஓர் ஒழுங்கையில். ஒழுங்கை முகப்பில் ஒரு வங்கி, இரண்டு போன் கடை, ஒரு ரியூசன் கொட்டில். நூறு யார் உள்ளே வந்தால் மாட்டுக் கொட்டிலும் வைக்கோல் போரும். வன்னி என்றால் காடும் குளமும் மட்டும்தான் என்று வெளியூர்ச் சொந்தங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் வைஃபை நன்றாக வேலை செய்யும். விடியப்புறம் மயிலும் கத்தும்.

கூத்துக்கு ஏன் மாசி என்று முந்தி நான் யோசித்ததில்லை. கோயில் காரணம் ஒன்று இருக்கிறது, பங்குனியும் வைகாசியும் பொங்கல் மாதங்கள். ஆனால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சொன்ன காரணம் வேறு. மாரி மழையில் விளைகிற காலபோக நெல் வெட்டு முடிந்து, றோட்டுக் கரையில் காயப்போட்ட நெல்லை அள்ளி மூட்டை கட்டி, கடனுக்கு எடுத்த உரக்காசைக் கொடுத்துவிட்டால் மனிசனுக்குக் கையும் சும்மா, பொழுதும் சும்மா. அடுத்தது இரணைமடுக் குளத்துத் தண்ணி. அந்தத் தண்ணியில் விதைக்கிற சிறுபோகத்துக்குக் கூட்டம் கூடி இந்த முறை எத்தனை ஏக்கருக்குத் தண்ணி என்று முடிவாகி, வாய்க்கால் திறந்துவிட்டால் ஒருத்தரையும் பிடிக்க ஏலாது. "வெட்டுக்கும் விதைப்புக்கும் இடையில ஒரு சின்னச் சந்து இருக்குது தம்பி. அதுக்குள்ளதான் காத்தான் பிறந்து, வளர்ந்து, கழுவில ஏறி முடியோணும்."

பழகுவது காத்தவராயன் கூத்து. வடக்கில் அதிக ஊர்களில் ஆடப்படுகிற சிந்துநடைக் கூத்து. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆரியப்பூமாலைமேல் மனம் வைக்கிற காத்தான், வேண்டாமென்று மறிக்கிற தாய் முத்துமாரி, கடைசியில் கழுமரம். இரவிரவாக நடக்கிற கதையில் பாதி, தாயும் மகனும் பாட்டில் பிடிக்கிற சண்டைதான். ஆட்டம் பெரிய வித்தையில்லை, சிந்தின் தாளத்துக்கு ஏற்ற நடை. பாட்டுத்தான் சரக்கு. ஆடுகிறவர் ஓரடி படிக்க, பக்கப்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் படிப்பார்கள். இதனால் ஒரு விளைவு. எந்த அடியும் இரண்டு தரம் காதில் விழும். நாற்பது நாள் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு எத்தனை தரம் விழும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஒரு உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பி வந்து பதினைந்து வருசத்துக்கு மேலாகிறது. இவ்வளவு காலத்திலும் ஒரு கூத்தைக்கூட முழுதாக, நித்திரை கொள்ளாமல் நான் பார்த்து முடித்ததில்லை. இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் எங்கேயோ விழுந்துவிடுவேன். பழக்கத்துக்கு, அதாவது ஒத்திகைக்கு மட்டும் ஒரு நாள் தவறியதில்லை. கூத்து ரசிகன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கூத்துப் பழக்கத்தின் ரசிகன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஏழு மணிக்குப் பிறகு ஒவ்வொருவராக வருவார்கள். முத்துமாரியாக ஆடுகிறவர் ஒரு மேசன். சீமெந்து காய்ந்த காலோடு வந்து, கிணற்றில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, வேட்டியை மாற்றித் தாயாகிவிடுவார். மீசையை மட்டும் அரங்கேற்றத்தன்று காலைதான் எடுப்பேன் என்று ஒரே பிடி. காத்தானின் கூட்டாளி சின்னானாக வருகிறவர் ஓட்டோ ஓடுகிறவர். ஹயர் வந்தால் நடுவில் ஓடிவிடுவார். அவர் திரும்பி வரும்வரை அவருடைய வரிகளை பக்கப்பாட்டுக்காரப் பெடியன் ஒருத்தன் படித்துக்கொண்டிருப்பான். ஆரியப்பூமாலை இந்த முறை ஒரு பிள்ளை, உயர்தரம் எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறவள். பெண் வேசத்தை ஆம்பிளையள்தான் கட்ட வேணும் என்று இரண்டு பெரியவர்கள் முதல் கிழமை முணுமுணுத்தார்கள். பாடசாலையில் தமிழ்த்தினப் போட்டிக்கு நாட்டுக்கூத்துப் பழகி மாகாணம்வரை போய் வந்தவள் அவள். இரண்டாம் கிழமை அவர்களே, "பிள்ளை, அந்த இடத்த இன்னொருக்காப் படி" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

காத்தான் ஒருவர் இல்லை. பிள்ளைக் காத்தான், இளந்தாரிக் காத்தான், கழுவேறுகிற காத்தான் என்று ஆள் மாறும். கழுவேறுகிறவர் எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிற தம்பி. மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டி, முன்னால் தராசு. மற்ற மாதங்களில் சந்தியில் திரும்பும்போதே 'சூடை, பாரை, கணவாய்' என்று அவருடைய சத்தம் வந்துவிடும். மாசி பங்குனியில் சத்தம் போடமாட்டார். தொண்டையைக் காக்க வேண்டுமாம். ஹோனை மட்டும் அடிப்பார். இப்போது ஒழுங்கைப் பெண்களுக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. மீன்காரர் வாய் திறந்து விலை சொன்னால், முதல்நாள் பழக்கம் லேசு. கை விரலைக் காட்டி விலை சொன்னால், தாயும் மகனும் சண்டை பிடிக்கிற கட்டம் பழகியிருக்கிறார்கள். மனுசி ஒருநாள் அவருக்குக் கற்கண்டும் மிளகும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, பதிலுக்குக் கால் கிலோ நெத்தலி வாங்கி வந்தாள். காப்புக் கட்டின நாளிலிருந்து அவர் மச்சம் சாப்பிடுவதில்லை. பகல் முழுக்க மீன் வெட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டில் பருப்பும் சோறும்.

அண்ணாவியாரைப் பற்றி நிறையச் சொல்லலாம். எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்கள். பனி இறங்கினால் உடுக்குத் தோல் தொய்ந்து, சத்தம் ஈரத் துணியைத் தட்டினமாதிரி ஆகிவிடும். அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு பழைய தாச்சியில் சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருக்கும். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே உடுக்கைச் சரித்து, அந்தத் தணலுக்குமேல் ஒரு சாணுயரத்தில் தோலைக் காட்டுவார். ஒரு பக்கம், மறுபக்கம். கூடக் காட்டினால் தோல் வெடிக்கும், குறைந்தால் பேசாது. அளவு பார்க்க நடுவிரலால் ஒரு சுண்டு. கண் ஆட்டக்காரனின் காலில், வாய் பக்கப்பாட்டில், விரல் மட்டும் தோலோடு கதைத்துக்கொண்டிருக்கும். தாளம் அவருடைய கைக்கு வருகிற இடத்தில் உடுக்கும் சரியாகச் சூடேறி நிற்கும். நாற்பது இரவில் அந்த இடம் ஒருநாளும் பிந்தி நான் பார்க்கவில்லை.

அவர் முன்னால் விரித்து வைத்திருப்பது ஏடு இல்லை, ஒரு சீ.ஆர். கொப்பி. தகப்பன் எழுதி வைத்த பழைய கொப்பி 2009 இல் போரோடு போய்விட்டது. "உடுக்க எந்த பங்கருக்குள்ள விட்டனான் எண்டு தெரியும். கொப்பிய எங்க விட்டனான் எண்டு இண்டைக்கும் தெரியாது." பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாள் கூடாரத்துக்குள், ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் திரும்ப எழுதியிருக்கிறார். தனக்கு வராத அடிகளை அயல் கூடாரக்காரரிடம் கேட்டிருக்கிறார். அப்படி எழுதினபோதுதான் ஒரு சிக்கல் புகுந்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் பல ஊர்க்காரர்.

கிளிநொச்சியில் இது புதினமில்லை. இரணைமடுவை நம்பிக் குடியேற்றத் திட்டங்களில் காணி எடுத்து வந்தவர்கள், குடாநாட்டிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் வந்தவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் ஒழுங்கையிலேயே நாலு விதமான தமிழ் இருக்கிறது. 'எங்கட ஊரில' என்று ஒருத்தர் தொடங்கினால் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பங்குனி முதற்கிழமை ஓர் இரவு, மாரி மகனைப் பார்த்துப் படிக்கிற ஒரு சிந்தின் கடைசிச் சொல்லை நீட்டுவதா வெட்டுவதா என்று சண்டை. அண்ணாவியார் நீட்டுகிறார். ஆர்மோனியம் வாசிக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர், "எங்கட ஊரில இப்பிடி இழுத்தா சனம் எழும்பிப் போயிடும்" என்கிறார். "இழுக்காட்டி அது தாய் படிக்கிற மாதிரி இல்லை, பொலிஸ் விசாரிக்கிற மாதிரி இருக்குது" என்று இவர். முக்கால் மணித்தியாலம். கடைசியில் மேசனைப் படிக்கச் சொன்னார்கள். அவர் பாதி நீட்டிப் பாதி வெட்டிப் படித்தார், மூச்சுக் காணாமல். அதுவே நிலைத்துவிட்டது. எனக்குத் தெரிந்து அந்த மெட்டு இந்த ஒழுங்கையில் மட்டும்தான் இருக்கிறது.

பழக்கம் பார்க்க வருகிறவர்களில் ஓர் ஆச்சி உண்டு, கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பிளாஸ்டிக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். அவருக்கு மாசி என்றால் காமன் கூத்து. மூன்றாம் பிறை பார்த்துக் காமன் கம்பம் ஊன்றுவது, ரதியும் மன்மதனும் லயத்து வாசல் வாசலாக ஆடி வருவது, பௌர்ணமியில் காமனை எரிப்பது, எல்லாம் சொல்லுவார். "இங்க ராத்திரி முழுக்க ஒரே எடத்துல ஒக்காந்துக்கிட்டு அழுவுறீங்க. எங்க ஊர்ல தப்புச் சத்தம் கேட்டா கெழவி கூட எந்திரிச்சு ஆடுவா" என்பார். ஒருநாள் இடைவேளையில் அண்ணாவியார் உடுக்கை அவரிடம் நீட்டி, தப்படியை அதில் தட்டிக் காட்டச் சொன்னார். ஆச்சி உடுக்கை வாங்கவில்லை. கதிரைக் கையில் இரண்டு விரலால் தட்டினார். பிளாஸ்டிக்கில் அந்த அடி அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. சின்னான் எழும்பி நாலு அடி ஆடியேவிட்டார். போன் அடித்தது, ஹயருக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு இதொன்றும் பெரிதில்லை. அவர் இசை நாடகக்காரர், அதாவது யாழ்ப்பாணத்து நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ஆள். மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக வைரமுத்து வந்து நின்றால் சுடலை தானாக வந்துவிடும் என்பார். 1989 இல் அவர் காலமான செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை, அது எனக்கு நினைவிருக்கிறது. கூத்து 'கத்துறது', இசை நாடகம் 'பாடுறது' என்பது அவருடைய பிரிப்பு. நான் ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் பழக்கம் நடக்கிற இரவுகளில் அவருடைய சாய்மனைக் கதிரை விறாந்தையிலிருந்து வேலிப் பக்கம் ஒவ்வோர் அடியாக நகர்ந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை.

இனி அரங்கேற்ற இரவு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஒரு விசயத்தைத் தவிர. எட்டு மணிக்குத் தொடக்கம் என்று நோட்டீஸ். விருந்தினர் வந்து சேரப் பத்து. பிறகு விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, பொன்னாடை. பொன்னாடை மட்டும் பதினொன்று, எண்ணினேன். உடுக்குக்காரருக்கு ஒன்றும் போர்த்தவில்லை. ஏற்பாட்டாளர்களின் பெயர் வேண்டாம், நாளைக்கும் அவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும். கூத்துத் தொடங்கியபோது பதினொன்று நாற்பது. விடிய முடிய வேண்டும், கழுவேறுகிற நேரம் தவறக்கூடாது. அதனால் நடுவில் வெட்டினார்கள். வெட்டுப்பட்டது சின்னானின் பகுதி. நாற்பது நாள் ஹயரை விட்டுவிட்டு ஓடிவந்து பழகின மனிசனுக்கு மேடையில் கிடைத்தது பத்து நிமிசம். உரைகளுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஒலிபெருக்கிக்காரர் வேறு எக்கோவைக் கூட்டிவைத்து, அந்தப் பத்து நிமிசத்தையும் கிணற்றுக்குள் தள்ளிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று இரண்டு மணிக்கு நித்திரை வரவில்லை. மூன்றரைக்குத்தான் வந்தது.

மனுசி தட்டி எழுப்பியபோது நாலரை. கச்சான் கோதும், பாயில் சுருண்ட பிள்ளைகளும், பனியில் நனைந்த படங்கும். மேடைக்குப் பக்கத்தில் கழுமரம், குறுக்குக் கட்டை அறைந்து, வேப்பிலையும் மஞ்சள் துணியும் சுற்றி. மீன்காரத் தம்பி ஏறுகிறார். ஒரு படி, ஒரு பாட்டு. அடுத்த படி, அடுத்த பாட்டு. இந்தக் கூத்து ஒரு தாய் வைத்த நேர்த்தி. மகனுக்குச் சுகமில்லாமல் வந்து, பிறகு சுகமாகியிருக்கிறது. அவர் கனடாவில். சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் கழுமரத்தடியில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். இங்கே விடிய நாலரை, அங்கே முதல்நாள் பின்னேரம் ஏழு. திரையில் அந்த அம்மாவின் முகம், பின்னால் ஒரு குசினி லைட், கும்பிட்ட கை. நடுவில் தொடர்பு அறுந்து முகம் அப்படியே உறைந்துவிட்டது. பெடியன் பதறிப்போய் போனைக் கீழே இறக்கப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஆச்சி, "புடி, புடி, அப்புடியே புடி" என்றார். அவன் பிடித்துக்கொண்டே நின்றான்.

மேலே தம்பிக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடைசிக்கு முந்தின படியில் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. பக்கப்பாட்டுக்காரர் திருப்பிப் படிக்க வேண்டிய அடி, ஆனால் முதலடி வரவில்லையே. ஒரு கணம் உடுக்கு மட்டும். பிறகு அந்த அடியை இருட்டுக்குள்ளிருந்து பெண்கள் படித்தார்கள். பாயில் இருந்தவர்கள், தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள், என் மனுசி. நீட்டாமலும் வெட்டாமலும், அந்தப் பாதி மெட்டில். அப்பா எந்தப் பக்கம் இருந்தார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் எங்களுக்கு இந்தப் பருவம் முடிவதில்லை. பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான், வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன். வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தண்ணி எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணியில் விளக்கெரிப்பார்கள். அந்தப் பக்கத்துக் கோவலன் கூத்து முல்லை மோடி என்று தனிப் பாணி, ஆட்டமும் மெட்டும் வேறு. இந்த வருசம் அண்ணாவியாரையும் பஸ்ஸில் கூட்டிப்போனேன். வழி முழுக்க, முல்லைத்தீவாரின் தாளத்தில் என்ன சங்கதி கவனிக்க வேண்டும் என்று முழங்காலில் தட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். முன் சீற்றுக்காரர் இரண்டுதரம் திரும்பிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது தன் சீ.ஆர். கொப்பியை என் கையில் தந்தார். "கொம்பியூட்டரில அடிச்சு வையும். இன்னொருக்கா எழுத எனக்குக் கை வராது." தொண்ணூற்றாறு பக்கம். இரவில் இரண்டு இரண்டு பக்கமாக அடிக்கிறேன். எழுத்து மங்கல், சில இடத்தில் தண்ணி பட்டுப் பரவியிருக்கிறது. முந்தநாள் பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு சொல் பிடிபடவில்லை. 'வரமோ' போலவும் இருக்கிறது, 'மரமோ' போலவும் இருக்கிறது. இரண்டும் அந்த இடத்தில் பொருந்தும். காலமை அவருக்குப் போன் எடுத்தேன். வயலில் நிற்கிறார், பின்னால் ரக்ரர் சத்தம். முதலடியைச் சொன்னேன். அவர் சொல்லைச் சொல்லவில்லை, அடியைத் தொடக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ரக்ரர் சத்தத்துக்கு மேலாலே, முழுக் குரலில். அந்தச் சொல்லுக்குக் கிட்ட வந்தபோது நிறுத்திவிட்டார்.

"தம்பி, வாய்க்காலில தண்ணி வந்திட்டுது. வையும், பிறகு எடுக்கிறன்."